நாட்டுப் பாடலும் கிராம வாழ்வும்: எங்கள் குடும்பத்தின் ஆண்டு இறுதிச் சிந்தனைகள்

(சங்கக் கிளையின் பொங்கல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாட்டுப் பாடலைப் பற்றி இருபது நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சங்கீதம் முறையாகக் கற்றவன் அல்ல. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, மத்திய அரசில் நிலத்தடி நீர் சம்பந்தமான வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகையால் ராகம், தாளம் பற்றி நான் பேசினால் இங்கே முன்வரிசையில் இருக்கும் மாமிகள் சிரித்துவிடுவார்கள். ஒரு பாட்டு எதனால் உயிரோடு இருக்கிறது, எதனால் நின்று போகிறது என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் எழுந்தது. நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். பிள்ளைகள் புனே, கௌஹாத்தி, பெங்களூர், டெல்லி என்று சிதறி இருக்கிறார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சம் பேச வேண்டும் என்பது வழக்கம். சென்ற டிசம்பரில் புனேயில் என் பெண் வீட்டில் கூடினோம். "நீங்கள் குடியிருந்த ஊரின் நாட்டுப் பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள். யார் பாடினார்கள், யாருக்காக, எந்த வேளையில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று விஷயத்தைக் கொடுத்தேன்.

அந்த இரண்டாவது வாக்கியம் என் உத்தியோகப் பழக்கத்தில் வந்தது. ஒரு கிணற்றின் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்தால் எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை ஆழம், என்ன தேதி என்று சீசாவில் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத சீசாவில் இருப்பது வெறும் தண்ணீர். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பாட்டும் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஏந்திரத்துப் பாட்டு

முதலில் என் பெண் பேசினாள். இருபது வருஷமாக மகாராஷ்டிரத்தில் இருப்பவள். அவள் எடுத்துக்கொண்டது "ஓவி" என்ற பாட்டு. நம் வீடுகளில் ஏந்திரம் என்றும் திரிகை என்றும் சொல்கிறோமே, அதற்கு மராத்தியில் "ஜாதே" என்று பெயர். அங்கே கிராமங்களில் சோளமும் கம்பும் அன்றாடம் அரைத்தாக வேண்டும். அன்றைய மாவில்தான் அன்றைய பாக்ரி. விடியலுக்கு முன்பே பெண்கள் எழுந்து, எதிர் எதிராக இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். சுற்றும்போது ஒருத்தி ஓர் ஓவி பாட, மற்றவள் இன்னொன்று பாடுவாள்.

கல்லின் சுற்றுக்கு ஏற்ப அடிகள் அமைகின்றன. இரண்டு பேரின் கை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். அந்த ஒற்றுமையைப் பாட்டு கொடுக்கிறது. அதனால் களைப்பும் குறைகிறது.

அந்தப் பாடல்களை ஹேமா ராய்ர்கர் என்ற அம்மையாரும், பிரான்ஸில் பிறந்து இந்தியாவிலேயே தங்கிவிட்ட கீ புவாத்வான் என்பவரும் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று சேகரித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஒவ்வொரு பாட்டோடும் பாடிய பெண்ணின் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணகம் 2017 முதல் அவற்றைக் குரலோடும் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டு வருகிறது.

அந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது? பண்டரிபுரத்து விட்டலன் இருக்கிறான். ராமனும், அவனைவிட அதிகமாகக் காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதையும் இருக்கிறார்கள். பிறந்த வீட்டு ஏக்கமும் அண்ணன் தம்பி பெருமையும் இருக்கின்றன. புக்ககத்தில் படும் கஷ்டம் நிறைய இருக்கிறது. தலித் பெண்கள் அம்பேத்கரைப் பாடிய ஓவிகளும் இருக்கின்றன. சந்த் ஞானேச்வர் 1290-ல் கீதைக்குச் செய்த உரையான ஞானேச்வரியும் ஓவி யாப்பில்தான் இருக்கிறது. பண்டிதர் சபையில் வாசிக்கப்படும் கிரந்தமும், விடியற்காலையில் மாவு அரைத்தவளின் பாட்டும் யாப்பில் உறவுக்காரர்கள்.

ஜல்காவ் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான பஹிணாபாய் சௌதரி எழுதப் படிக்கத் தெரியாதவர். வயலிலும் வீட்டிலும் வேலை செய்துகொண்டே பாட்டுக் கட்டினார். அவர் 1951-ல் காலமானார். பிள்ளை எழுதி வைத்திருந்த பாடல்கள் 1952-ல் புத்தகமாக வந்தன. 2018-ல் ஜல்காவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். எழுத்து அறியாத ஒரு கவியின் பெயரில் பல்கலைக்கழகம்!

பிறகு கிராமத்துக்குக் கிர்ணி வந்தது. கிர்ணி என்றால் மாவு மில். ஏந்திரம் நின்றது. பாட்டும் நின்றது.

இந்த இடத்தில் காலேஜில் படிக்கும் என் பேத்தி குறுக்கிட்டாள். "தாத்தா, பாட்டு நிக்கக் கூடாதுன்னா கல்லும் சுத்திண்டே இருக்கணுமே. அதை யார் சுத்தறது?" என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. என் மனைவிதான் பதில் சொன்னாள். "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல தினம் ஆட்டுக்கல்லுல அரைச்சிருக்கேன். எனக்குப் பாட்டு ஒண்ணும் வரலை. தோள்வலிதான் வந்தது" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் விவாதம் அதற்கு மேல் ஒரு மணி நேரம் நடந்தது. அந்தப் பாட்டுகள் வேண்டும் என்பதற்காக அந்தக் கஷ்டமும் வேண்டும் என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. அதில் எல்லோரும் ஒத்துப் போனோம். அப்படியானால் நாம் இழந்தது என்ன? என் பெண் ஒரு பதில் சொன்னாள். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் அந்தப் பெண்களுக்கு ஒரு வேளை இருந்தது. மாமியாரிடமும் கணவனிடமும் சொல்ல முடியாததை அவள் கல்லிடம் சொன்னாள். எதிரே உட்கார்ந்தவள் கேட்டாள். மில் வந்ததும் வேலை போனது நல்லதுதான். ஆனால் பேசும் வேளையும் கேட்கும் ஆளும் அதோடு சேர்ந்து போய்விட்டன. அந்த இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. இதுதான் அவள் கட்சி.

பாலைவனத்துப் பாடகர்கள்

அடுத்தது என் முறை. வேலை நிமித்தமாக 1980-களில் ஜோத்பூரில் இருந்தேன். பார்மேர், ஜெய்சல்மேர் ஜில்லாக்களில் கிணறு கிணறாகச் சுற்றியிருக்கிறேன். அங்கே மாங்கணியார் என்ற பாடகர் சமூகம் இருக்கிறது. அவர்கள் முஸ்லிம்கள். அவர்களை ஆதரிக்கும் குடும்பங்களோ பெரும்பாலும் ராஜபுத்திரர் முதலிய ஹிந்துக்கள். அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் பிறப்புப் பாட்டு, கல்யாணம் என்றால் கல்யாணப் பாட்டு, இவற்றோடு தலைமுறை தலைமுறையாக வம்சாவளியும் சொல்வார்கள். கிருஷ்ண பஜனும் பாடுவார்கள், சூஃபி பாட்டும் பாடுவார்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் அவர்களுடையது. வட்டமான மரக் குடத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும். அதன் நாதம் கொஞ்சம் கரகரப்பாக, வயதானவர் பாசத்தோடு பேசுவது போல இருக்கும். ஹமீரா கிராமத்து சாகர் கான் அந்த வாத்தியத்துக்காக 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்த வருஷமே காலமானார்.

பாடகர் குடும்பத்துக்கும் ஆதரிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவு பரம்பரையானது. தகப்பன் காலத்துக்குப் பிறகு நிலத்தைப் பிரித்துக்கொள்வது போல, ஆதரிக்கும் குடும்பங்களைப் பாடகரின் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். விசேஷ நாட்களில் தானியம், ஆடு, ஒட்டகம், பணம் என்று வந்துவிடும். இது பிச்சை அல்ல, உரிமை. ஆதரிப்பவன் முறைகேடாக நடந்தால் பாடகன் அந்த உறவையே முறித்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய அவமானம்.

இதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் கோமல் கோத்தாரி. கதாசிரியர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து 1960-ல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தானை நிறுவினார். 2004-ல் காலமானார். அவர் பாட்டோடு நிற்கவில்லை. ராஜஸ்தானைக் கம்பு விளையும் பகுதி, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் பகுதி என்று பிரித்துக்கொண்டு, எந்தத் தானியம் சாப்பிடுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஜோத்பூர் அருகே அவர் எண்ணத்தில் உருவான அருங்காட்சியகத்தில் முக்கியமான காட்சிப் பொருள் என்ன தெரியுமா? துடைப்பம்! எந்தப் புல்லில் செய்தது, யார் செய்தார்கள், எந்த இடத்தைப் பெருக்குவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் உண்டு. நான் சொன்ன சீட்டு இதுதான்.

நான் இந்த உறவைப் புகழ்ந்து பேசியதை என் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, நீ சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் பாடினவன் எங்கே உட்கார்ந்தான், பாட்டுக் கேட்டவன் எங்கே உட்கார்ந்தான் என்பதையும் சொல்லு" என்றான். அவன் சொன்னது நியாயம். அந்த உறவில் மதிப்பும் இருந்தது, தாழ்வும் இருந்தது. பாடகன் கீழே, ஆதரிப்பவன் மேலே. இன்று அதே பாடகர்கள் மெஹ்ரான்கர் கோட்டையில் 2007 முதல் நடக்கும் இசை விழாவிலும் வெளிநாட்டு அரங்குகளிலும் மேடை ஏறுகிறார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கீழே இருக்கிறார்கள், பாடகர் மேலே இருக்கிறார். இதை நஷ்டம் என்று யார் சொல்ல முடியும்? ஒன்றுதான் குறை. குழந்தை பிறக்காத இடத்தில் பிறப்புப் பாட்டு பாடப்படுகிறது. எதிரே இருப்பவர்களின் பாட்டனார் பெயர் பாடுகிறவருக்குத் தெரியாது. பாடுகிறவரின் பெயர் அவர்களுக்கும் தெரியாது.

வாசலுக்கு வரும் பாட்டு

கௌஹாத்தியில் வேலை பார்க்கும் தம்பி பிள்ளை ஹுசரி பற்றிச் சொன்னான். அஸ்ஸாமில் ஏப்ரல் மத்தியில், நம் வருஷப்பிறப்பை ஒட்டி, ரொங்காலி பிஹு வருகிறது. இளைஞர்கள் டோலும் எருமைக் கொம்பில் செய்த பெப்பாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முற்றத்தில் பாடி ஆடுவார்கள். அதுதான் ஹுசரி. வீட்டுக்காரர் வெண்கலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பணம், கமோசா என்ற துண்டு எல்லாம் வைத்து வணங்கிக் கொடுக்க, பாடினவர்கள் அந்தக் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் சொல்வார்கள். வயதானவர் குனிந்து நிற்கிறார், பையன்கள் ஆசி கூறுகிறார்கள்! அந்த நிமிஷத்தில் ஊரே வாசலுக்கு வந்து ஆசி சொல்வதாகக் கணக்கு.

பிஹு பாட்டை ஒரு காலத்தில் அங்கே படித்த மேல்தட்டு மக்கள் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். கௌஹாத்தி நகரத்தில், லதாசில் மைதானத்தில், 1952-ல் அதை மேடையேற்றினார்கள். 2023 ஏப்ரலில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ஸ்டேடியத்தில் ஆடிக் கின்னஸில் இடம் பெற்றார்கள். ஒதுக்கப்பட்ட பாட்டு ஒரு மாநிலத்தின் அடையாளமே ஆகிவிட்டது. அப்படி மேடையேறிய பிறகும் வீட்டு முற்றத்து ஹுசரி நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். அதற்குக் காரணம் ஆசீர்வாதம் என்று நினைக்கிறேன். ஆசீர்வாதத்தை டெலிவிஷனில் வாங்கிக்கொள்ள முடியாது. யாராவது வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

மூன்று ஊர்க் கதையும் முடிந்ததும், "நம்மாத்துல என்ன இருந்தது?" என்று பேத்தி கேட்டாள். மார்கழி மாதம் ஆயிற்றே, பஜனையில் தொடங்கினோம். விடியற்காலையில் வீதியில் பாடிக்கொண்டு வருவதும், உஞ்சவிருத்தியில் வாசலில் அரிசி போடுவதும், ஹுசரிக்கு நெருங்கிய உறவு. கும்பகோணம் பக்கத்தில் மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் பஜனைக்கு முறை வகுத்தார். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தினார். வெளியூர்களில் உள்ள நம் பஜனை மண்டலிகள் இதை விடாமல் செய்து வருகின்றன. இது நம் பெருமை.

இன்னொரு பெருமையும் சொல்ல வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடியபோது நொண்டிச் சிந்து போன்ற நாட்டு மெட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டார். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் சேர்த்தார். அதுதான் பண்ணையாளைச் சிதம்பரத்துக்குப் போகவிடாமல் தடுக்கும் வேதியர். தாமும் அந்தணராக இருந்துகொண்டு, வேதியரை நந்தனார் காலில் விழ வைத்தார். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்பு அச்சேறிய அந்த நூலில், கிராம வாழ்வின் அழகோடு அநியாயமும் பதிவாகியிருக்கிறது. நாம் இன்று கிராமத்தை நினைத்து ஏங்கும்போது அந்த இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

பிறகு என் அக்காவைக் கேட்டோம். எண்பத்திரண்டு வயது. ஊஞ்சல், நலங்கு, லாலி, பத்தியம், கும்மி, தாலாட்டு என்று நாற்பத்து மூன்று பாட்டு நினைவிலிருந்து சொன்னாள். தம்பி பிள்ளை செல்போனில் பதிவு செய்தான். ஒவ்வொன்றுக்கும் பேத்தி கேள்வி கேட்டாள்: யாரிடம் கற்றுக்கொண்டாய், எப்போது பாடுவது? பெரும்பாலானவை எங்கள் பாட்டியிடமும் அத்தைகளிடமும் கற்றவை. ஒரு தாலாட்டுக்கு மட்டும் அக்கா வேறு பதில் சொன்னாள். அதை அவள் கற்றது எங்கள் மாட்டுக்கொட்டிலில் வேலை செய்த அம்மாளிடம். நாங்கள் எல்லோரும் அந்தத் தாலாட்டில்தான் தூங்கியிருக்கிறோம். அது பாட்டி காலத்துப் பாட்டு என்றே நான் எழுபது வருஷமாக நினைத்திருந்தேன்.

அந்த அம்மாள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மேல் ஏறியதில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அவள் பாட்டு கூடத்தைத் தாண்டித் தூளி வரைக்கும் வந்திருக்கிறது. அக்காவுக்கு அவள் பெயர், தெரு எல்லாம் நினைவிருந்தது. பேத்தி அந்தப் பாட்டின் கீழே அந்தப் பெயரை எழுதினாள். எங்கள் குடும்பப் பாட்டு நோட்டில் குடும்பத்தைச் சேராத பெயர் அது ஒன்றுதான்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு என்பது ஒரு கொடுக்கல் வாங்கலின் பாதி. இன்னொரு பாதி, எதிரே இருக்கும் ஆள். வேலை மாறலாம், மாற வேண்டும். மேல் கீழ் என்பதும் போக வேண்டும். அவற்றோடு சேர்த்து எதிரே இருக்கும் ஆளையும் நாம் விட்டுவிடுகிறோம். அப்போதுதான் பாட்டு நின்று போகிறது.

அங்கேயே ஒரு பரீட்சையும் வந்தது. வைகாசியில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் ஒலிப்பதிவைப் போட்டுவிடுவதாக கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். கல்யாணப் பெண்ணே அதை வேண்டாம் என்றாள். இப்போது பெங்களூரில் ஐந்து பெண்கள், வாரம் ஒரு நாள், அக்காவோடு போனில் பாடிப் பழகுகிறார்கள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. அதனால் என்ன? நாதஸ்வரக்காரர்கள் விஷயத்திலும் ஒரு முடிவு செய்தோம். பல கல்யாணங்களில் நாம் பார்ப்பது, வித்வான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கும் கடைசிப் பந்தி வரை அவர் காத்திருப்பார். எங்கள் கல்யாணத்தில் ஜானவாசத்துக்கு முன் ஒரு மணி நேரம் கச்சேரியாகவே அவர்கள் வாசிப்பது, குடும்பத்தார் எதிரே உட்கார்ந்து கேட்பது, முதல் பந்தியில் அவர்கள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தீர்மானம். பத்திரிகையில் அவர்கள் பெயரும் இருக்கும்.

அங்கத்தினர்களுக்கு இரண்டே விண்ணப்பம். உங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்மணி இருந்தால், இந்த மாதமே உட்கார்ந்து அவர் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார், எப்போது பாடுவார் என்பதையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். வேறு சமூகத்தாரிடம் கற்றது என்றால் அந்தப் பெயரைக் கட்டாயம் சேருங்கள்.

இரண்டாவது, நாம் பல மாநிலங்களில் ஐம்பது அறுபது வருஷமாக வாழ்கிறோம். நம்மில் பலருக்கு டிசம்பர் சீசன் கச்சேரிப் பட்டியல் மனப்பாடம். நாம் குடியிருக்கும் ஊரில் என்ன பாடுகிறார்கள் என்று விசாரிப்பதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு ஓர் ஓவி தெரிந்திருக்கலாம். காவல்காரரின் ஊரில் ஹுசரி இருக்கலாம். ஒரு நாள் நாற்காலி போட்டு, காபி கொடுத்துக் கேளுங்கள். கேட்டதை நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். பாடினவர் சம்மதித்தால் அவர் பெயரோடு அனுப்புங்கள்.